குதிரையின் அடிப்பக்கம்

குயா,

இன்று ஜூலை முதலாம் தேதி. மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறும் நாள். காலையில் லாசாலில் எங்கள் தெருவால் நடந்து வந்தபோது யாரோ மூன்று இழுப்பு லாச்சி வைத்த அலுமாரி ஒன்றை நடைபாதையில் விட்டுப் போயிருந்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்து, வெயில் பட்டு, பழைய வார்னிஷின் மணம் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பழக்கதோஷம். இடது பக்கத்தில் மூன்று கீறல்கள், மேற்பலகையில் சூடான கோப்பை வைத்த வட்டம் ஒன்று. நிமிர்ந்தபோது நீங்கள் பக்கத்தில் நின்று, "தம்பி, முதல்ல திருப்பிப் பார்" என்று சொன்னதுபோல இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு ஸ்டிக்கரைத் தவிர வேறொன்றும் இல்லை. தெருவில் போன ஒரு மனிசி, எனக்கு அலுமாரி வேண்டுமாக்கும் என்று நினைத்து, தூக்க உதவி செய்யட்டுமா என்று பிரெஞ்சில் கேட்டார். மெர்சி சொல்லிவிட்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

சென்ட் லோரன்டில் அந்தத் தளபாடத் தொழிற்சாலையில் நான் வரிசையின் கடைசி ஆள். என் கையில் எப்போதும் ஒரு வெண்கட்டி. வருகிற மேசை, கதிரை, கட்டில் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, கீறல் இருக்கும் இடத்தை வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. எனக்கு அடுத்து நின்று பெட்டி கட்டியவர் நீங்கள். நான் திருப்பி அனுப்ப அனுப்ப உங்களுக்கு வேலை குறையும் என்பதால் முதல் நாளே என்னைப் பிடித்துப்போயிற்று என்று பிறகு சொன்னீர்கள். உங்கள் மொழியில் அண்ணையைக் குயா என்பார்கள் என்று நீங்கள் சொல்லித்தந்தீர்கள். எங்கள் மொழியில் இளையவனைத் தம்பி என்போம் என்று நான் சொல்லித்தந்தேன். அதற்குப் பிறகு எங்கள் சொந்தப் பெயர்கள் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. எங்கள் கெபெக் மேற்பார்வையாளர்கூட என்னைத் 'தாம்பி' என்றுதான் கூப்பிட்டார்.

நாம் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில், நடுவில் கொஞ்சம் பிரெஞ்சு. ஆனால் இப்போது நினைக்கும்போது எல்லாம் என் ஊர்த் தமிழில்தான் காதில் விழுகிறது. நீங்கள் உருப்படியாகப் படித்த தமிழ்ச்சொல், பிறகு என்பதற்கு நாங்கள் சொல்லும் 'பேந்து' ஒன்றுதான். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினால் அவரிடமும் "பேந்து, பேந்து" என்பீர்கள். அது ஏதோ பிலிப்பீன்ஸ் மரியாதைச் சொல் என்று அந்த மனிதர் தலையசைத்துவிட்டுப் போவார்.

உங்கள் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருட்களுக்கு அட்டை எழுதும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை இப்படியொரு ஜூலை முதலாம் தேதிதான் தொடங்கியது. கோட்-டெ-நெய்ஜில் ஒரு வீட்டு வாசலில் ஆள் உயர மரக்கரண்டியும் மர முள்ளுக்கரண்டியும் குப்பைப் பைகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தன. உங்கள் ஆட்கள் சாப்பாட்டறைச் சுவரில் தொங்கவிடுவதுண்டாம். நெஞ்சு பதறி, இரண்டையும் தோளில் வைத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி இறங்கி, எறிந்தவர்களைத் தேடிப்பிடித்தீர்கள். அவர்களோ, "அது பழசு இல்லை அண்ணை, விமான நிலையத்தில வாங்கினது" என்று சிரித்திருக்கிறார்கள். நீங்கள் விடவில்லை. அந்தக் கரண்டிக்கும் முள்ளுக்கும் ஓர் அட்டை எழுதினீர்கள். அதுதான் உங்கள் பெட்டியில் முதலாவது அட்டை. இன்றைக்கும் முதலாவதாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு வீடு வீடாகப் போனீர்கள். ஒருவரிடமும் பொருளைக் கேட்டு வாங்கவில்லை. அட்டையில் நாலே நாலு கேள்வி. இது என்ன? யார் கொண்டுவந்தது? எதற்குள் சுற்றிக் கொண்டுவந்தது? கடைசியாக எப்போது பாவித்தது? மூன்றாவது கேள்வியில்தான் ஆட்கள் கரைந்துபோவார்கள். ஒரு குழந்தை யேசு சொரூபம் யாரோ தாயின் இரவு உடுப்புக்குள் சுற்றப்பட்டு வந்திருந்தது. அன்னாசி நாரில் நெய்த சட்டை ஒன்று பால்மா டின்னுக்குள் சுருட்டப்பட்டு வந்திருந்தது. எழுதி முடித்ததும் அட்டையைத் திருப்பிப் பிடித்து, பொருளின் மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து அதன் கோலத்தை எடுப்பீர்கள். சிறுவயதில் நாணயத்தின் மேல் கடதாசி வைத்துத் தேய்ப்போமே, அதேதான். படம் எடுத்தால் என்ன என்று கேட்டேன். "படம் கண்ணுக்கு. இது கைக்கு" என்றீர்கள்.

நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். உங்கள் வீட்டை ஒரு புயல் கடலோடு கொண்டுபோன கதையை அப்போதுதான் சொன்னீர்கள். "என்னட்டை ஒண்டும் இல்லை. அதால ஒருத்தரிலயும் பொறாமையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, என்னைத் திருப்பிக் கேட்டீர்கள். ஒரு கைப்பையும், வேறொருவர் பெயர் போட்ட பாஸ்போர்ட்டும் என்றேன். நீங்கள் சாப்பாட்டுப் பெட்டி விழுந்துபோகச் சிரித்தீர்கள். "அதுக்கு அட்டை எழுத ஏலாது, தம்பி. நாலாவது கேள்வியில பொலிஸ் வரும்."

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பக்கத்தில் தாங்களே நிற்பார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை. தொடாதே என்ற பலகை இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு அவரவர் பொருள் அவரவரோடு வீட்டுக்குப் போய்விடும். பொருளை வீட்டில் இருந்து பிரித்தால் அது அநாதை என்பது உங்கள் கட்சி. நான் மேசை தூக்கவும் கதிரை அடுக்கவும் வருவேன். என் மனைவி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருவாள். ஒரே நாளுக்கு மட்டும் திறந்து மூடுகிற அந்தக் காட்சிசாலையில் நான் ஒருவன்தான் மரவேலை தெரிந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்தத் தலைக்கனம்தான் வினையாயிற்று.

நெனிட்டா அக்காவின் குதிரையைச் சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை அதைப் படுக்கை விரிப்பில் சுற்றி வேலைக்குக் கொண்டுவந்தீர்கள். நெனிட்டா அக்கா முதியவர்களைப் பார்க்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர் என்பது தெரியும். துணியை அவிழ்த்ததும் எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. எங்கள் திருவலை! தாழ்வான பலகை, நாலு கால், முன்னால் நீண்ட கழுத்து, கழுத்து முனையில் தேங்காய் துருவும் பல்லு வைத்த இரும்பு நாக்கு. மேலே ஏறி இருந்து துருவுவதால் நீங்கள் அதைக் குதிரை என்பீர்களாம். ஒரு கால் ஆடியது. "காலை மட்டும் இறுக்கு, தம்பி. வேற ஒண்டிலயும் கை வையாதை" என்றீர்கள். ஓம் என்றேன். சத்தியமாக ஓம் என்றுதான் சொன்னேன்.

சனிக்கிழமை அதை பல்கனியில் வைத்துக் காலை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. அதோடு எழும்பியிருக்க வேண்டும். ஆனால் பலகை முழுக்க எண்ணெய்க் கறுப்பு, பக்கங்களில் தேய்வு. அடியைத் திருப்பினால் ஏழு கத்தி வெட்டுகள், அவற்றில் ஆறின் குறுக்கே இன்னோர் ஆறு. யாரோ பலகையை வெட்டுக்கட்டையாகப் பாவித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இருபது வருடம் கீறலைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அதோடு, எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாள் வந்தால் பித்தளையைப் புளி போட்டு மினுக்கித்தான் வெளியில் எடுப்போம். ஊரார் பார்க்கப்போகிற பொருளை அழுக்கோடு அனுப்புவதா என்று மனம் கேட்கவில்லை. முதலில் சீவுளி, பிறகு சாண்ட்பேப்பர், பிறகு மூன்று பூச்சு வார்னிஷ்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு. ஆனா ஏனப்பா இவ்வளவு மினுங்குது? தேங்காய் துருவுறதுக்கு ஆர் வார்னிஷ் பூசுறது?"

"உமக்கு விளங்காது" என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் விளங்கியவள் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை உங்களிடம் கொடுத்தபோது நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மேலே பார்க்கவேயில்லை. நேரே திருப்பி, அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினீர்கள். ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை. பிறகு உங்கள் பையிலிருந்து அட்டையை எடுத்து, பின்பக்கத்தைக் காட்டினீர்கள். பென்சில் கறுப்புக்குள் ஏழு வெள்ளைக் கோடுகள், ஆறின் குறுக்கே இன்னோர் ஆறு.

அது நெனிட்டா அக்காவின் தகப்பன் வெட்டியது. அவருக்கு ஏழு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் கப்பலுக்கோ வெளிநாட்டு வீட்டு வேலைக்கோ புறப்படும் நாளில், தாய் அந்தக் குதிரையில் இருந்து தேங்காய் துருவி, பசையரிசியில் பாற்சோறு கிண்டிக் கொடுப்பாராம். சாப்பிட்டு முடிந்ததும் தகப்பன் குதிரையைக் கவிழ்த்து அடியில் ஒரு வெட்டு வெட்டுவார். பிள்ளை திரும்பி வந்து படியேறினால், அதே கத்தியால் குறுக்கே ஒரு வெட்டு. ஆறு பேர் திரும்பினார்கள். கடைசிப் பெண் நெனிட்டா அக்காவுக்கு இங்கே வதிவிடப் பத்திரம் கிடைக்கும் முன்பே தகப்பன் இறந்துபோனார். பிறகு அக்கா ஊர் போனபோது தாய் கத்தியை எடுத்து நீட்டியும், அப்பா இல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். குறுக்கு விழாத அந்த ஒரு வெட்டோடுதான் குதிரையை மடியில் வைத்து இங்கே கொண்டுவந்தார்.

அதைத்தான் நான் வழுவழுப்பாக்கி வைத்திருந்தேன்.

உங்களை நம்பித்தானே அத்தனை குடும்பங்கள் அலுமாரியைத் திறந்து காட்டின. நீங்கள் என்னை நம்பினீர்கள். நீங்கள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பிழை என்ரையும்தான். அட்டையை உனக்குக் காட்டாமல் சாமானைத் தந்திட்டன்" என்றீர்கள். அட்டையை வைத்து அந்த வெட்டுகளைத் திரும்ப வெட்டித்தருகிறேன், ஒரு மயிரிழை பிசகாது, யாருக்கும் தெரியவராது என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "வேலை முடிய வா. போய்ச் சொல்லுவம்."

பஸ்ஸிலும் மெத்ரோவிலும் குதிரை என் மடியில்தான் இருந்தது. நெனிட்டா அக்கா கதவைத் திறந்து, குதிரையைக் கண்டு சிரித்தார். நான்தான் சொன்னேன், நீங்கள் என்னைச் சொல்லவிட்டீர்கள். அவர் அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் கூடத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விசாரணைக்கு வந்த ஆட்கள்போல ஒரு மணித்தியாலம் இருந்தோம். அவர் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். திரும்ப வெட்டித்தரட்டுமா என்று நான் வாயைத் திறக்க முன்பே, "வெட்டாதை" என்றார். "அது அப்பான்ர கை. உன்ர கை அதைச் செய்ய ஏலாது." ஞாயிற்றுக்கிழமை தான் வரமாட்டேன் என்றும் சொன்னார்.

ஞாயிறன்று அவருடைய மேசையை நீங்கள் அகற்றவில்லை. வெறும் மேசையில் அட்டையை, பென்சில் கோடுகள் மேலே தெரியும்படி வைத்தீர்கள். "பக்கத்தில நில்" என்றீர்கள். வந்தவர்கள் எல்லாரும் பொருள் எங்கே என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன்: இப்படியொரு குதிரை இருந்தது, அதன் அடியில் ஒரு தகப்பன் பிள்ளைகளை எழுதி வைத்திருந்தார், அதைச் சீவியவன் நான். முதல் பத்துப் பேருக்குச் சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. ஓர் ஐயா என் தோளில் தட்டி, தன் மகன் பூட்டனின் வாளை டிஷ்வாஷரில் போட்ட கதையைச் சொல்லி ஆறுதல் தந்தார்.

பன்னிரண்டு மணி தாண்டி நெனிட்டா அக்கா வந்தார். ஒரு கையில் குதிரை, மற்றக் கையில் ஆறேழு தேங்காய் போட்ட பை. நேரே என் மேசைக்கு வந்து, குதிரையைக் கவிழ்த்து வைத்தார். சனம் சுற்றி நின்றது. எனக்கு ஓடிவிடலாம்போல இருந்தது. அவர் அந்த வழுவழுத்த பலகையைத் தட்டிச் சொன்னார்:

"ஆறு நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தன். அப்பா வெட்டின கணக்கில நான் மட்டும் வீடு திரும்பாத பிள்ளை. இத்தனை வருசம் அந்த ஒரு கோட்டைத்தான் தடவிக்கொண்டு இருந்தன். இப்ப பாருங்கோ, ஒரு கோடும் இல்லை. ஒருத்தரும் போகேல்லை. எல்லாரும் வீட்டிலதான் நிக்கினம்."

நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள். தூசி என்றீர்கள். தூசி ஒன்றும் இருக்கவில்லை; காலையில் நான்தான் அந்த மண்டபத்தைக் கூட்டினேன்.

பிறகு அவர் என் வார்னிஷைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கச் சொன்னார். அது போகிற வார்னிஷா? பலகைக்குமேல் ஒரு துவாயை விரித்துக் குதிரையில் ஏறி இருந்து துருவத் தொடங்கினார். இரண்டு தேங்காயில் கை ஓய்ந்ததும், என் மனைவியைக் கூப்பிட்டார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி ஒரு பக்கமாகத் திரும்பி இருந்து துருவினாள். அப்படி இருந்தால் குதிரை உதைக்கும் என்று பிலிப்பீன்ஸ் அம்மாக்கள் சிரித்தார்கள். தேவாலயத்துக் குசினியில் பசையரிசி வெந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து வந்ததும் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்: "இது எங்கட பொங்கல் புக்கைதானேயப்பா." அட்டையின் நாலாவது கேள்விக்கு எதிரே இருந்த பழைய பதிலை வெட்டி, 'இன்றைக்கு' என்று எழுதினீர்கள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி: 'மொன்றியலில் ஒரு தமிழர் இதை இழைத்துவிட்டார். தவறுதலாக. நல்ல வேலைக்காரன்.' அந்தக் கடைசி இரண்டு சொல்லை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது அந்த அட்டைப் பெட்டி என்னிடம் இருக்கிறது. உங்கள் மனைவி தானே பஸ் ஏறி லாசாலுக்குக் கொண்டுவந்து தந்தார். உங்கள் ஆட்கள் யாரிடமாவது கொடுங்கள் என்றேன். உங்கள் ஆட்கள்தான் என்னிடம் கொடுக்கச் சொன்னார்களாம். "பிழை விட்டவன்தான் கவனமாப் பார்ப்பான்" என்று நீங்கள் சொல்லுவீர்களாம். ஏப்ரலில் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரு முத்துச்சிப்பி விளக்கு. நாலு கேள்வியும் கேட்டு, எழுதி முடிக்கும்வரை இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டிய இடத்தில் மட்டும் வலது கையை வெளியில் எடுத்தேன். வீட்டுக்காரி எனக்குக் குளிராக்கும் என்று ஹீற்றரைக் கூட்டிவிட்டார்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

நீங்கள் போன நாற்பதாம் நாள் உங்கள் வீட்டில் செபம் நடந்தது. வெளியே பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. நெனிட்டா அக்கா குதிரையோடு வந்து, குசினியில் இருந்து தேங்காய் துருவி, அதே சோற்றைக் கிண்டினார். எல்லாரும் சாப்பிட்டு முடிந்ததும் குதிரையைத் துடைத்து, கூடத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். குசினிக் கத்தி ஒன்றை எடுத்துப் பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார்.

"குயா வெளிக்கிட்டிட்டார். வெட்டு, தம்பி."

நான் மாட்டேன் என்றேன். என் கை அதைச் செய்ய ஏலாது என்று அக்காவே சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"அது அப்பா வெட்டினதுக்கு. இது எங்கட."

கூடத்தில் இருந்த எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயுள் முழுக்கக் கீறலைத் தேடிப் பிடித்தவன், முதன்முதலாக ஒரு கீறலைப் போட முழங்காலில் இருந்தேன். பெருவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, என் வார்னிஷைத் தாண்டி மரத்துக்குள் போனது. ஓரத்தில் எழும்பிய சிராயைத் தேய்க்கப் போன விரலை மடக்கிக்கொண்டேன்.

குறுக்கே ஒன்று விழுவதற்கு இடம் விட்டுத்தான் வெட்டியிருக்கிறேன், குயா.